மீன் சுமந்த சர்க்கரை

அந்தத் தெருவில் எந்த டாக்டருக்கும் வராத கூட்டம் தங்கமீனுக்கு வந்துகொண்டிருந்தது.

பூட்டிக் கிடந்த செருப்புக் கடைக்கு மேலே, மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் மீன்வாக்கு ஐயா. வரிசை படிக்கட்டில் தொடங்கி, நடைபாதையில் நெளிந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் போனது. பஸ்ஸுக்காக நின்றவர்கள்கூட, இவ்வளவு பேர் நிற்கிறார்களே, என்னவோ இருக்கும் என்று இதில் சேர்ந்துகொண்டு, மேலே போய், கையில் ஒரு மீனோடு இறங்கினார்கள். அதற்குள் பஸ் போயிருக்கும். போனது நல்லதுதான், ஏறியிருந்தால் கண்டம் என்று ஐயா சொல்லிவிடுவார். அதைக் கேட்டு நிம்மதியாக நடந்தே வீடு போவார்கள்.

ஐயாவின் வைத்தியம் எளிமையானது. உங்கள் கஷ்டத்தை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதை ஒரு மீன் தலையில் கட்டுவார். மீனைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரை மாற்றக் கூடாது. மாற்றினால் கஷ்டம் திரும்பி வரும். மோட்டார், கீட்டார் என்று எதுவும் கிட்டே வரக் கூடாது; அந்தச் சத்தத்தில் மீனுக்கு மந்திரம் மறந்துபோகும். ஆமாம், மந்திரம்தான். கொஞ்ச நாளில் மீன் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடும். உங்களுக்காக ஓதுகிறதாம். ஓதி ஓதி ஒருநாள் மல்லாந்து மிதக்கும். உங்கள் கஷ்டத்தில் ஒரு பங்கு அதோடு ஒழிந்தது. மிச்சப் பங்குக்கு அடுத்த மீன். கொஞ்சம் பெரிதாக. காணிக்கையும் அதற்கேற்ற மாதிரி.

சரக்கு கெட்டுப்போனால் சண்டைக்கு வருவார்கள், பார்த்திருக்கிறோம். சரக்கு செத்துப்போனால் கும்பிட்டுவிட்டு இன்னொன்று வாங்கும் வியாபாரத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் நம் ஐயா.

இதிலெல்லாம் அக்கறை இல்லாத தையல்காரி ஒருத்தி இருந்தாள். ஊரில் யார் எந்த மீனை வளர்த்தால் அவளுக்கென்ன? அவள் உண்டு, மிஷின் உண்டு. ஆனால் அவளுடைய அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். அங்கேதான் ஊசி அவள் விரலில் ஏறியது.

அண்ணன் பஸ் டிரைவர். வருஷக்கணக்காகச் சர்க்கரை வியாதி. ஐயாவிடம் போன பிறகு அந்தச் சர்க்கரையை மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமந்துகொண்டு செத்தன. ஒவ்வொன்று சாகும்போதும் அண்ணி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவாள், ஏதோ மகன் பரீட்சையில் தேறிய மாதிரி. இதற்கிடையில் பிரேக் மிதிக்கும் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சுண்டுவிரல் பக்கம் தோல் கறுத்துக்கொண்டே போனது. டாக்டரிடம் போகலாம் என்று தங்கச்சி கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் திட்டினாள்.

“மீனையும் நம்பி மாத்திரையையும் நம்பினா அது ரெண்டு படகுல கால் வைக்கிற மாதிரியாம். ஐயா சொல்லிட்டாரு,” என்றார் அண்ணன்.

“உனக்கு வைக்கறதுக்கு ஒரு காலாவது மிஞ்சணுமே அண்ணா.”

அண்ணன் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் பேசவில்லை.

பிறகு பேச வேண்டி வந்தது. அண்ணி வீட்டில் ஒரு கல்யாணம், வெளியூர். மீனைத் தனியாக விட முடியாது. யாரும் பார்க்காதபோது செத்தால் பலன் யாருக்குப் போகும் என்று தெரியாதாம். ஆகவே கிண்ணம் தையல்காரி வீட்டுக்கு வந்தது. தண்ணீரைத் தொடாதே என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினாள்.

மிஷினுக்குப் பக்கத்து மேசையில் மீன் இருந்தது. இவள் தைத்தாள், அது ஓதியது. தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. அந்த வாயைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. யோசித்து யோசித்து ஒரு கோட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்த பிறகு ஞாபகம் வந்தது. போன கோடையில் அவள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றுபோனது. உள்ளே அளவுக்கு மீறிய ஆள். எல்லோரும் மேலே இருந்த சின்ன இடுக்கைப் பார்த்து இப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அதில் ஒருத்தர்கூட மந்திரம் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் கெட்ட வார்த்தை.

மிஷினை மூடினாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனாள். இந்த மீன் வாயை மூட வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு தொட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய காற்று மோட்டார், மெல்லிய குழாய், அதன் முனையில் மாட்ட ஒரு பஞ்சு வடிகட்டி, இவ்வளவையும் எடுத்து வைத்தார். காற்று குமிழியாக மேலே ஏறும்போது தண்ணீரைக் கலக்கிவிடும், மீனுக்கு மூச்சு கிடைக்கும். அதே ஓட்டத்தில் அழுக்கு பஞ்சில் தங்கும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதே, தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழி என்றார். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர் அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்று. கொதித்து ஆறின தண்ணீரில் மட்டும் மீனை விட்டுவிடாதே, கொதிக்கும்போதே அதில் இருந்த காற்றெல்லாம் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஒன்றை மட்டும் அவர் சொன்னாரா, இவள்தான் கேட்கவில்லையா தெரியாது. மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டாள். கரண்ட் போனது. தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி, கீழே மடித்து வைத்திருந்த யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டை நனைத்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு மோட்டாரைத் தொட்டிக்கு மேலே அலமாரியில் ஏற்றினாள். அதற்குப் பிறகு தொந்தரவில்லை.

மீன் வாயை மூடியது. கீழே இறங்கியது. புது வீட்டுக்குக் குடிவந்த ஆள் மாதிரி ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்தது.

கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணி தொட்டியைப் பார்த்ததும் பொட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன பண்ணி வச்சிருக்கே? மந்திரமே சொல்ல மாட்டேங்குதே.”

“நல்லா இருக்கு அண்ணி.”

“அது நல்லா இருந்தா எப்படிம்மா? அது நல்லா இருந்தா உங்கண்ணன் எப்படி நல்லா இருப்பாரு?”

அண்ணனும் தொட்டி முன்னால் குனிந்து, வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறவனைப் பார்ப்பதுபோல மீனைப் பார்த்தார். என் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொண்டு உல்லாசமாக நீந்துகிறதே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம். உடனே ஐயாவிடம் கொண்டுபோய் மாற்ற வேண்டும் என்றார். அவர் நிமிர்ந்தபோது காலுறையில் ஈரம் கசிந்திருந்தது. வீட்டில் ஒரு வாடை.

தங்கச்சி அதற்கு மேல் வாதாடவில்லை. நாளைக்கு மீனை நானே நேராகக் கூடத்துக்குக் கொண்டுவருகிறேன், நீங்கள் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்களோடு போனாள். ஒன்றில் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீர், அதில் அண்ணனின் மீன். இன்னொன்றில் காலையில் கொதிக்கவைத்து இறுக்கி மூடி ஆறவைத்த தண்ணீர். கடையில் அப்போதுதான் வாங்கிய மீனைப் பையோடு வைத்திருந்து, முறை வரும் நேரத்தில் அதில் விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடா கண்ணு என்று அதனிடம் சொல்லவும் செய்தாள்.

கூடம் நிரம்பியிருந்தது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். ஆளாளுக்கு மடியில் ஒரு கிண்ணம். அத்தனையும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கிண்ணத்தில் இருந்தவை மட்டுமல்ல.

தையல்காரி பவ்வியமாகக் குனிந்தாள்.

“ஐயா, தப்பு பண்ணிட்டேன். எங்கண்ணன் மீனோட இன்னொன்னு கலந்துபோச்சு. எது அவர் நோயைச் சுமக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஐயாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? கண்ணை மூடினார். இரண்டு கிண்ணங்களின் மேலும் கையை வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. வாயைப் பிளந்துகொண்டிருந்த மீனின் மேல் அவர் விரல் வந்து நின்றது.

“இதுதான். பாரு, பாவம், உங்கண்ணன் சர்க்கரை மொத்தமும் அது தொண்டையில நிக்குது. டிரைவர் தம்பி, இன்னைக்குக் காலு லேசா இருக்குமே?”

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கிண்ணத்தைப் பார்த்தார். வாரக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் வலியை எல்லாம் சொல்லி அழுத மீன் அவருக்குத் தெரியாதா?

“ஐயா, என் மீனுக்கு வால் ஓரத்துல கிழிசல் இருக்கும்,” என்றார் மெதுவாக. “இது இல்ல. அதோ, அதுதான்.”

“நீங்க காட்டினது இன்னைக்குக் காலையில கடையில வாங்கினது,” என்றாள் தங்கச்சி. “அதுக்கு எங்கண்ணனையும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது.”

ஐயா லேசில் விழுகிற ஆளா? நோய் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிவிட்டது என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதையே புது அதிசயமாக்கி வரிசையை இன்னும் நீளமாக்கியிருப்பார்கள்.

தையல்காரி பையில் இருந்து பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன மோட்டாரை எடுத்து, குழாயைக் கிண்ணத்தில் போட்டாள். குமிழிகள் கிளம்பின. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்ல மீனின் வாய் மூடியது. அது கீழே இறங்கிப்போய்ச் சாதாரணமாக நீந்தியது.

“இப்போ நோய் எங்க தாவிச்சு ஐயா? மோட்டாருக்கா?”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். இங்கே கொஞ்சம் வை பார்ப்போம் என்று ஒரு அம்மாள் தன் கிண்ணத்தை நீட்டினாள். அங்கேயும் மந்திரம் நின்றது. அடுத்த கிண்ணம், அதற்கடுத்தது. வீட்டுக் கடனைச் சுமந்த மீன், மகள் கல்யாணத் தடையைச் சுமந்த மீன், வழக்கு ஜெயிக்க ஓதிய மீன், எல்லாமே காற்று பட்டதும் ஓதுவதை விட்டுவிட்டன. அதற்குள் பேட்டரி தீர்ந்தது. கரண்டில் ஓடுகிற மோட்டார் ஒன்றும் அவள் பையில் இருந்தது. சுவரில் செருகுவதற்கு இடம் தேடி ஒரு ஆள் ஐயாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினான். போகாதே என்று ஐயா கத்துவதற்குள் விலக்கிவிட்டான்.

உள்ளே சுவர் முழுக்கத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் குழாய், பஞ்சு, பொங்கிவரும் குமிழி. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவு. கொழுத்த தங்கமீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. ஒன்றுகூட யாருக்காகவும் ஓதவில்லை. சத்தத்தில் மந்திரம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

சுவரில் இருந்த அத்தனை பிளக் பாயிண்டிலும் ஐயாவின் மோட்டார்களே இருந்ததால், தேடி வந்த ஆளுக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை.

ஐயா எந்த வழியாக இறங்கிப்போனார் என்று கவனிக்கக்கூட ஆளில்லை. எல்லோரும் தொட்டிகளைச் சுற்றி நின்று, காணிக்கையை யாரிடம் திருப்பிக் கேட்பது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்போ இத்தனை மீனும் எதைத் தூக்கிட்டுப் போச்சு?”

“ஒண்ணையும் தூக்கல அண்ணா. மூச்சு முட்டிச் செத்துச்சு.”

“என் சர்க்கரை?”

“உங்கிட்டதான் இருக்கு.”

 அவர் செருப்பைக் கழற்றி, காலுறையை மெதுவாக உருவி, அத்தனை நாளில் முதல்முறையாகத் தன் காலைத் தானே பார்த்தார். வா போகலாம் என்று அவள் தோளைப் பிடித்து எழுந்தார். டாக்டர் திட்டினார். நிறையத் திட்டினார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, காலைக் காப்பாற்றினார்.

தெருவில் இப்போது காற்று மோட்டாருக்கு நல்ல விற்பனையாம். நல்லதுதான், மீன்களாவது பிழைக்கும். ஆனால் தொட்டித் தண்ணீரை வடிகட்டத்தான் பஞ்சைக் கடையில் வாங்க வேண்டும். காதில் விழுகிற பேச்சை வடிகட்டுகிற சாமான் எல்லோர் தலைக்குள்ளும் பிறக்கும்போதே வைத்து அனுப்பப்பட்டிருக்கிறது. இன்னும் பெட்டியைப் பிரிக்காதவர்கள் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். வாரண்டி முடியப் போகிறது.