என்னைத் தாண்டிப் போன மாத்தே

லா பிளாத்தா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஓல்கா அக்காவுக்குத் தம்பி இரினேயோ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலியும் தாந்தில் ஊர்க் குளிரும் சமாதானமாக இருக்கும் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வை. நான் அங்கேயே வந்துவிடுகிறேன். இந்த ஊரில் எனக்கு இனி யாரும் இல்லை.

நேற்றுப் பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு. ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக மிர்த்தா என்னைக் கூப்பிட்டிருந்தாள். என் பக்கத்து மேஜையில் ஆயுசு முழுக்க எலி இதயங்களைத் துடிக்க வைத்தாளே, அவளேதான். இப்போது துறைத் தலைவி. தளர்ந்துபோகும் இதயத்தின் நொதிகளைப் பற்றிப் பேச்சு. அதில் ஒரு நொதி இருக்கிறது அக்கா, இதயம் களைத்துப் போனாலும் "இன்னும் அடி, இன்னும் அடி" என்று விரட்டி, கடைசியில் ஆளையே கவிழ்த்துவிடும். அந்தக் காலத்தில் கரண்ட் போன மத்தியானங்களில் இதைப் பற்றி வாதாடி நானும் மிர்த்தாவும் தொண்டை வற்றக் கத்துவோம், வற்றிய தொண்டைக்கு அவளே மாத்தே இலையில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள், மறுபடி கத்துவோம். அது போல ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட வாய்க்கவில்லை.

நேற்றும் மிர்த்தாதான் மாத்தே ஊற்றினாள். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், வழக்கம்போல எல்லோருக்கும் சுற்றி வந்தது. நான் குடித்து முடிக்கவும், பேசிய பெண் அயேலேன் என் பழைய வரைபடத்தைத் திரையில் போட்டு, "இதை வரைஞ்சவர் இதோ உக்காந்திருக்கார், புரொபசர் குவாலியா!" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குடுவையை மிர்த்தாவிடம் நீட்டிக்கொண்டே, அந்தப் பெண்ணைப் பார்த்து "ரொம்ப நன்றி" என்றேன். அவ்வளவுதான். அப்புறம் குடுவை எனக்கு வரவே இல்லை. தூங்கி வழிந்தவனுக்குக்கூட வந்தது அக்கா! இருமினேன், நாற்காலியை இழுத்தேன். மிர்த்தா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தாள். ஆக, இந்தக் கிழவன் படத்துக்கு மட்டும் போதும், பந்திக்கு வேண்டாம். ஆத்திரத்தில் எழுந்து, "இந்த நொதி எலிக்கா, பூனைக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். "பன்னிக்கு, புரொபசர். இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண். அறையே சிரித்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது யாருடைய கோட்டோ, பையில் பாதி கடித்த பன் வேறு.

உன் பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நம் இருவர் முழங்கால்களையும் ஆண்டவன் காப்பாற்றட்டும்.

உன் தம்பி,
இரினேயோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் வாசலில் மிர்த்தா, கையில் என் கோட்டு.

"ஏன்யா சொல்லாம ஓடி வந்தே?"

"எனக்கு மட்டும் ஏன் மாத்தே தரல?"

"நீதானே குடுவையைக் குடுத்துட்டு நன்றின்னே! மாத்தே குடிக்கறப்ப நன்றின்னா இனிமே வேணாம்னு அர்த்தம். இந்த ஊர்ல பொறந்தவனுக்கு இதையும் நான் சொல்லித் தரணுமா?"

"அது அந்தப் பொண்ணுக்குச் சொன்னதுடீ!"

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் கையால வாங்கிக் குடிச்சது போதும்னுட்டியேன்னு நான் தூங்கவே இல்லய்யா."

அக்கா, நான் வரவில்லை. உள்ளே மிர்த்தா தண்ணீர் சூடாக்குகிறாள். இன்று அவள் எத்தனை தடவை கொடுத்தாலும் நன்றி சொல்ல நான் வாயே திறக்கப்போவதில்லை.