இறங்காத நீர்மட்டம்

மேற்குக் கான்சாஸில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு நிலத்தடி நீர் அலுவலகம் உண்டு. ஜனவரிக் குளிரில் அதன் அதிகாரி வெர்லின் உன்ரு, இரும்பு டேப்பில் சாக்பீஸைத் தேய்த்து, அலுவலகத்தின் அளவுக் கிணற்றுக்குள் இறக்குவார். சாக்பீஸ் எங்கே நனைந்திருக்கிறதோ, அதுதான் மாவட்டத்தின் நீர்மட்டம். மட்டம் இறங்கிவிட்டால் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எங்கள் மோட்டார்களைக் குறைத்து ஓட்ட வேண்டும். ஆகவே அந்த டேப்பை ஊரே பயபக்தியோடு பார்க்கும்.

இந்த வருடம் டேப் கிணற்றின் அடியைத் தொட்டுவிட்டு நனையாமல் வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது. நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் எல்லோரும் சோளக்காரர்கள், நானும் ஒருவன். வெர்லின் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"விதிப்படி இறக்கம்னா, போன வருஷ மட்டத்துக்கும் இந்த வருஷ மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்த வருஷம் மட்டமே கிடைக்கலை."

"அப்போ வித்தியாசமும் இல்லை. இறங்கவே இல்லை!" என்றேன். எனக்கே என் மூளைமேல் மரியாதை வந்தது.

'இறக்கம் ஏதும் பதிவாகவில்லை' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த மகிழ்ச்சியில் சட்டையில் குத்திக்கொள்ள நீலத்துளி பேட்ஜ் வந்தது. அது இல்லாமல் காபி குடிக்கப் போனவனை ஊரே காட்டுமிராண்டியாகப் பார்த்தது.

மறுவாரம் லவோன் ஷ்ராக் அலுவலகத்துக்கு வந்தார். அளவுக் கிணற்றை ஒட்டித்தான் அவர் வீடு. ஒரு வாளி மணலை மேசைமேல் வைத்தார்.

"வெர்லின், என் வீட்டு மோட்டார் கக்கினது இது. கன்னுக்குட்டிங்க காஞ்ச தொட்டியை நக்கிட்டு நிக்குது. இன்னும் ஆழமா போர் போடணும், அனுமதி கொடு."

"மட்டம் இறங்கின இடத்துலதான் ஆழப்படுத்தலாம். இங்கதான் இறங்கவே இல்லையே."

"அப்போ என் கிணத்துல தண்ணி இருக்கா?"

"அலுவலகக் கணக்குப்படி தாராளமா இருக்கு. நீங்கதான் எடுக்க மாட்டேங்கறீங்க. பயன்படுத்தாம விட்டா தண்ணி உரிமையே ரத்தாயிடும், ஜாக்கிரதை!"

"சின்ன வயசுல சர்ச் ஞாயித்துக்கிழமை வகுப்புல உனக்கு நோவா கதை சொன்னேன் பாரு, அந்த வெள்ளத்துலயே உன்னை விட்டுட்டு வந்திருக்கணும்."

வெர்லின் கோபித்துக்கொள்ளவில்லை. ஆலோசனைதான் சொன்னார். "மோட்டாரை ஓட விடுங்க. காத்து வந்தாலும் தண்ணி மீட்டர் சுத்தும். உரிமை பிழைச்சுடும்."

லவோன் ஓட விட்டார். தண்ணீரில் நடந்துகொண்டிருந்த மீட்டர் காற்றில் பறந்தது. கோடை வந்ததும் எங்கள் மோட்டார்களும் பாதித் தண்ணீர், பாதிக் காற்று என்று இறைக்க ஆரம்பித்தன. மீட்டர்கள் மூச்சு வாங்கச் சுழன்றன. ஒரு சொட்டும் இறங்காத மட்டத்திலிருந்து இத்தனை தண்ணீரா என்று தலைநகர் டோபிகாவே வியந்து எங்களுக்கு நீர்வள விருது அறிவித்தது.

சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் விருந்து. முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த ரொட்டி, செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை எல்லாம் தடபுடல். டோபிகாவிலிருந்து வந்த மேலதிகாரி எழுந்து, "உங்க ஊர்த் தண்ணியையே கையில ஏந்தி வாழ்த்துவோம்!" என்றார்.

சமையலறைக் குழாய் 'புஸ்' என்றது. பரிமாறும் முறை அன்று லவோனுடையது. வெறும் ஜாடியை எடுத்து வந்து, ஒவ்வொரு கிளாஸிலும் சிந்தாமல் சாய்த்தார்.

"குடிங்க. குடிக்கலைன்னா உரிமை போயிடும்."

மேலதிகாரி வெர்லினைப் பார்த்தார். வெர்லின் என்னைப் பார்த்தார்.

"இல்லைன்னா, இதுல தண்ணியே இல்லைன்னு யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்லுங்க" என்றார் லவோன். "நாளைக்கே போர் போட்டுக்கறேன். என் கன்னுங்க பிழைச்சுடும்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் எங்கள் மோட்டார் நின்றுவிடும். வெர்லின் கிளாஸைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். மேலதிகாரியும் குடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, தாகமாகவும் இருந்தது.

அண்ணாந்து மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

"நல்லா ஜில்லுன்னு இருக்கு, லவோன். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."