கருவாட்டுப் புள்ளி

ஜெயரூபனின் கணினித் திரையில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று அவன். மற்றது கூட வேலை செய்யும் தனுஷியா. யன்னலுக்கு வெளியே மட்டக்களப்பு வாவி மத்தியான வெயிலில் உறங்கிக் கிடந்தது. அவனும் கண்ணைத் திறந்து வைத்தபடியே கனவுக்குள் போய்விட்டான்.

அவன் வேலை பார்க்கும் புள்ளிவிபரக் கந்தோரில் யார் மதியம் கன்டீனில் என்ன கறி எடுக்கிறார்கள் என்று விளையாட்டாகச் சேகரித்து, ஆட்களையும் கறிகளையும் ஒரே படத்தில் புள்ளிகளாக்கிக் காட்டும் ஒத்திசைவுப் பகுப்பாய்வில் போட்டிருந்தான். எல்லாரையும் போலச் சாப்பிடுகிறவர்கள் படத்தின் நடுவில் குவிந்து நின்றார்கள். இவர்கள் இருவர் மட்டும் தூர மூலையில், கருவாட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில்.

திங்கட்கிழமை தனுஷியா வாகரைக்கு மாற்றலாகிப் போகிறாள். அதற்குள் இவன் வாய் திறக்காவிட்டால் அவ்வளவுதான்.

கருவாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம் என்று, மறுநாள் நல்ல கட்டாக் கருவாடாக வாங்கி அவள் மேசையில் வைத்தான். மின்விசிறி அந்த மணத்தைக் கந்தோர் முழுக்கப் பரிமாறியது.

"எனக்குக் கருவாடெண்டாலே புடிக்காது" என்று தனுஷியா மூக்கைப் பொத்தினாள்.

தனக்கும் பிடிக்காது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்துச் சாப்பிடுகிற ஆளா அவன்!

பக்கத்து மேசை வேர்னன் சிரித்தார். அந்தப் படத்தில் ஆளுக்கும் கறிக்கும் இடையே தூரம் அளக்கக் கூடாது என்றார். ஆளும் ஆளும் கிட்ட நின்றால் சாப்பாட்டுப் பழக்கம் ஒரே மாதிரி, வேறு பொருள் இல்லையாம்.

பழியைப் படத்தின் மேல் போட்டுத் தப்பலாம் என்று ஜெயரூபன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் கருவாட்டைப் பார்க்கவேயில்லை. அந்த இரண்டு புள்ளிகளையே நெடுநேரம் பார்த்தாள்.

"நாம ரெண்டு பேரும் ஏன் இப்பிடித் தனியா நிக்கிறம்?"

மனசில் இருந்ததைச் சொல்ல இதுதான் நேரம். வாயோ வேர்னனின் பாடத்தை ஒப்பித்தது.

"அதுல ஒண்டுமில்ல. வெறும் கணக்கு."

"ஓம்" என்று எழுந்து போனாள். முகம் வாடியிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் கணக்காலும் கெட்டான்.

அன்றும் வழக்கம்போலக் கடைசி ஆளாகக் கன்டீனுக்குப் போனான். தனுஷியா வரவில்லை. வாவியைப் பார்த்துக்கொண்டே, படம் பொய் என்று சமையற்கார இராசாத்தி அக்காவிடம் புலம்பினான். கருவாடு பிடிக்காத இரண்டு பேரைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது என்ன படம்?

அக்கா சோற்றின் மேல் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தாள்.

"பிந்தி வந்தா மிஞ்சிற கறி இதுதான் தம்பி. நீங்க வரட்டுமெண்டு இவ்வளவு நாளும் பசி கிடந்து, அந்தப் பிள்ளையும் இதைத்தானே திண்டது."