சாவி போட்டால் கிளம்பும் படகு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் அப்பாவும் நலம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டியவர் என் வீட்டுக் கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குத் தாங்களே காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

போன விடுமுறையில் வந்தபோது என் படகு எஞ்சினை நீங்கள் சும்மா விட்டிருக்கலாம். பதினோரு வருஷம் கயிற்றை இழுத்துத்தான் கிளப்பினேன். அது என் தோளைப் பிசகவைத்திருக்கிறதே தவிர, ஒருநாளும் நடு ஆற்றில் கைவிட்டதில்லை. "இனிமே சாவியைத் திருப்புனா போதும் மாமா" என்று சொல்லி, பேட்டரி வைத்து, கலர் கலராக ஒயர் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, அந்தக் கயிற்றையும் துடுப்பையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் போனீர்கள். எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஆயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பாலம் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம், படகில் இருபது நிமிஷம் என்று நான்தான் பெருமையடித்து அழைத்துப் போனேன். நடு ஆற்றில் உங்கள் அம்மாவிடமிருந்து அவருக்குப் போன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். எஞ்சினை அணைத்தேன். பேசி முடித்ததும் சாவியைத் திருப்பினால், டிக் என்றுகூடச் சொல்லவில்லை.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். விளக்கு எரிகிறதா என்றீர்கள், எரிந்தது. ஹாரன் அடிக்கிறதா என்றீர்கள், அடித்தது. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது, நீங்களோ பேட்டரி முனையைத் தேய்க்கச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய புது டூத் பிரஷ்ஷால் உங்கள் அப்பா முகம் சுளிக்காமல் அரை மணி நேரம் தேய்த்தார். அந்தப் பொறுமையில் கால்வாசி உங்களுக்கு வந்திருக்கக் கூடாதா? பிறகு ஃபியூஸ். அது போகவில்லை. அடுத்து, "மல்டிமீட்டர் இருக்கா மாமா?" என்று கேட்டீர்கள். படகு பாட்டுக்கு ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில்கூட இல்லாத சாமானை என்னிடம் கேட்கிறீர்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த எரிச்சலில் சாவிக்குப் பின்னாலிருந்த ஒயர்களை நானே ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகினேன். ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. இரண்டு போனிலும் சார்ஜ் தீர்ந்தது.

அந்த ஊளையைக் கேட்டுத்தான் ஒரு மீன்காரர் வந்து, எங்கள் படகைத் தன் படகோடு கட்டி, கிளம்பிய கரையிலேயே கொண்டுவந்து விட்டார். மணி ஒன்று. டாக்டர் போய்விட்டார். இனி அடுத்த வியாழக்கிழமைதான். சம்பந்தி முன்னால் என் மானம் கப்பலேறியது. என் படகுதான் அக்கரை ஏறவில்லை.

ஆகவே இனி தாங்கள் வரும்போது கருவிப்பெட்டி வாசலோடு நிற்கட்டும். என் எஞ்சின் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம். மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் ஆறியதும் எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபாலில் போடுவதற்குள் அதே மீன்காரர் படகைப் பார்க்க வந்தார். உங்கள் சீட்டுகளைப் பார்த்து ஒயர்களைச் சேர்த்தார், கியர் லீவரை நடுவுக்குத் தள்ளினார், சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது. கியரிலேயே விட்டு அணைத்தால் மறுபடி கிளம்பாதாம். அணைத்தவன் நான்.

இதை உங்கள் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியும் சம்பந்தி. முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டினவன் நான், லீவரை அப்பவே பார்த்துட்டேன். கண்ணுல கத்தி வைக்கிறதை நினைச்சேன், சொல்ல வாய் வரல" என்றார்.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் போன வருஷம் பல் பிடுங்கப் போய்ப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வீடு வந்தவன் நான். உங்கள் அத்தைக்கு இன்னும் தெரியாது. வியாழக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு வாருங்கள். படகை நீங்களே ஓட்டுங்கள். எங்கள் இருவரையும் நம்பி அனுப்பினால் அக்கரை போய்ச் சேர மாட்டோம்.