தண்ணீர் ஆகாத செடிகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆவல் மட்டும் இருக்கிறது.

உன் அக்கா உன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னாள்: "கோடைக்குத் தண்ணி அதிகம் கேக்காத செடியாப் பாத்து வாங்கி வைங்க. தோட்டத்துல உங்களை நம்பி நான் குடுக்கிற முதல் வேலை. கோட்டை விட்டுடாதீங்க." முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் பிழைதிருத்தியவன் நான், ஒரு துணைக்கால் விடுபட்டாலும் கண்ணில் பட்டுவிடும், எனக்கா செடி வாங்கத் தெரியாது என்று நர்சரிக்குப் போனேன். அந்த நர்சரிக்காரர் காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி, கற்றாழை என்று பன்னிரண்டு தொட்டிகளை எடுத்து வைத்து, "எந்த வெயிலுக்கும் அசையாது சார். இதுக்கெல்லாம் தண்ணியே ஆகாது" என்றார்.

எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் ஆகாது. ஆகாது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஒரு சொட்டு ஊற்றவில்லை. மூன்றாம் நாள் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பதறியடித்து ஓடி, பத்துத் தொட்டிகளைக் கூடத்துக்குள் தூக்கி வைத்து, தூக்க முடியாத காகிதப்பூவுக்கு ஒரு குடையைக் கட்டி, அரளிக்கு இன்னொரு குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தொப்பலாக நனைந்து நின்றேன். எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக, "என்னண்ணே, செடிக்குச் சளி பிடிச்சிடுமா?" என்றார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மழை நின்றதும் கூடத்துத் தொட்டிகளை மறுபடி தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். பத்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தவன் அப்படியே உறைந்து போயிட்டேன் மாப்ளே! காகிதப்பூ நிஜமாகவே காகிதமாகிக் கிடக்கு. நித்தியகல்யாணிக்குத் தலை தொங்கிப்போச்சு. கற்றாழை மட்டும் நிமிர்ந்து நின்னு என்னை முறைக்குது.

உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாளாம். இந்தக் கோலத்தைப் பார்த்தால் இனி ஒரு வேலையும் என்னை நம்பிக் கொடுக்கமாட்டாள். உனக்குப் பல்வலி என்று சொல்லி இரண்டு வாரம் பிடித்து வை. அந்த ஏமாற்றுக்கார நர்சரிக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கடிதத்தை அக்கா கண்ணில் காட்டாதே.

இப்படிக்கு,
அதிர்ச்சி தீராத அத்தான்

பி.கு.: ஏமாற்றுக்கார என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிக்கவும். சண்டை போடத்தான் போனேன். "ஐயோ சார், ஆகாதுன்னா அதிகம் செலவாகாதுன்னு அர்த்தம்! அதுவும் புதுசா வெச்ச செடிக்கு வேர் பிடிக்கிற வரைக்கும் தினம் ஊத்தணும்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். என் முப்பத்துநான்கு வருடமும் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஓடிவந்து ஊற்றினேன். இன்று காலை காகிதப்பூவில் கடுகளவு துளிர்!

பல்வலியும் வேண்டாம். தையல்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்; இப்போதுதான் உன் அக்கா போன் செய்தாள். "உங்களைத் தனியா விட்டா ஆகாது. நாளைக்கே வர்றேன். தண்ணி ஊத்துங்க. முதல்ல அந்தக் குடையை மடிச்சு வைங்க."

இந்த ஆகாதுக்கு எனக்கு உடனே அர்த்தம் புரிஞ்சுது மாப்ளே. அவளைத் தடுக்காதே.