நேராக அறைந்த அம்புக்குறி

லாரல் ஓடை,
மேற்கு வர்ஜீனியா.
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை.

‘காட்டுத் தடம்’ பத்திரிகை ஆசிரியர் திரு. ப்ரூயிட் அவர்களுக்கு,

காலஞ்சென்ற எமில் ஹூடாக்கின் மனைவி அகாதா ஹூடாக் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தபோது நான் சுட்ட ருபார்ப் பை என்ற பலகாரத்தில் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு வயிறு சரியில்லை என்றீர்கள். இப்போது குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். பலகாரத்தில் குறை ஏதும் இல்லை. மூன்று துண்டு என்பதுதான் குறை.

அச்சுக்குப் போகுமுன் என் பார்வைக்கு என்று தாங்கள் அனுப்பிய கட்டுரை கிடைத்தது. ‘ஜாம் நடுவரின் நீதி’ என்று தலைப்பு. பக்கத்தில் என் புகைப்படம், கையில் நிறுத்துக் கடிகாரம். காட்டுப் பந்தயத்துக்குச் சிவப்புக் கம்பெனி வண்டியா நீலக் கம்பெனி வண்டியா என்று நாடே அடித்துக்கொள்ளும்போது, எழுபத்தெட்டு வயது விதவை ஒருவர் ஒரே காலைப் பொழுதில், கடுகளவும் பாரபட்சமில்லாமல், அந்த வழக்கைத் தீர்த்துவைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் தாங்கள் அச்சிடக் கூடாது. கட்டுரையில் எழுத்துப்பிழைகள் இருக்கின்றன, அவற்றைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன், ஆனால் காரணம் அதுவல்ல. காரணம், அது பொய். பொய் தங்களுடையதல்ல, என்னுடையது.

என் மகள் தெக்லாவைத் தாங்கள் அறிவீர்கள். வாரத்தில் ஐந்து நாள் பல் மருத்துவரிடம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் தன் பல் போனாலும் பரவாயில்லை என்று மோட்டார் சைக்கிள் மாதிரி கால் போட்டு உட்காருகிற நாலு சக்கர வண்டியில் மரங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் பறக்கிறாள். பெண்பிள்ளை உட்கார்ந்தால் முழங்கால்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வண்டியில் அது நடக்காது. இருந்தும் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் போன அக்டோபரில், குடையும் ஜெபமாலையுமாக நான் ஒரு பள்ளத்தோரம் நின்றுகொண்டிருந்தபோது, என் கண்ணெதிரே வண்டி ஒரு பக்கமும் தெக்லா ஒரு பக்கமுமாகப் பறந்தார்கள். எழுந்தாள், மண்ணைத் துப்பினாள், “நான் எத்தனையாவதா வரேன்?” என்று கேட்டாள். அம்மா அங்கே நிற்கிறாளே என்று ஒரு பார்வைகூட இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நாற்பத்துநாலு வயதுப் பெண்ணைப் போகாதே என்று சொல்ல முடியாது. மெதுவாகப் போகிற வண்டியாவது அமையாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பழைய வண்டி அன்று விழுந்ததோடு உயிரை விட்டது. புதிதாக எதை வாங்குவது என்பதில்தான் தெக்லாவுக்கும், அவளுக்கு வண்டி பழுதுபார்த்துத் தருகிற அவள் புருஷன் கார்லண்டுக்கும் சண்டை வந்தது. என் சாப்பாட்டு மேசையில், என் கோழி வறுவலுக்கு முன்னால் நடந்தது.

“சிவப்புக்குள்ள இருக்கிறது எஞ்சினா தையல் மிஷினான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம் அத்தை,” என்றான் மாப்பிள்ளை.

“உன் நீலம் இருக்கிற அகலத்துக்கு, ரெண்டு மரத்துக்கு நடுவுல போகணும்னா முதல்ல மரத்துக்கிட்ட பர்மிஷன் கேக்கணும்,” என்றாள் தெக்லா.

“எங்கப்பா ஓட்டினது நீலம். எங்க வீட்ல எப்பவுமே நீலம்தான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து...”

“உங்க தாத்தா ஓட்டினது கோவேறு கழுதை. அதுக்கும் நீல பெயிண்ட் அடிச்சாரா?”

கார்லண்ட் முள்கரண்டியை மேசை விரிப்பின் மேல் வைத்துவிட்டான். தட்டு இருக்கும்போது விரிப்பின் மேல் வைப்பானேன், அது வேறு விஷயம். “அத்தையே தீர்ப்புச் சொல்லட்டும்,” என்றான். “சொந்தத் தங்கச்சியோட பிளம் ஜாமுக்கே பரிசு ரிப்பன் குடுக்காதவங்க. அவங்க பார்த்து எது சொன்னாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அந்த ஜாம் விஷயம் உண்மைதான். மாவட்டக் கண்காட்சியில் நடுவராக உட்கார்ந்தால் எனக்கு உறவு கிடையாது. ஜாம் இறுகவில்லை, இறுகவில்லை என்று சொன்னேன். தங்கை இன்றுவரை கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவதில்லை. அப்படிப்பட்ட பெயரை வைத்துக்கொண்டுதான் நான் இந்தக் காரியம் செய்தேன்.

இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டுத் தாங்கள் எழுதிய நீண்ட கட்டுரை வீட்டில் கிடந்தது. அதில் அட்டவணையை மட்டும் படித்தேன். மற்றதைப் படிக்கவில்லை, ஏனென்றால் முதல் வரியிலேயே ‘இந்த மிருகம் உறுமினால் உங்கள் முதுகெலும்பு பாடும்’ என்று இருந்தது. முதுகெலும்பு பாடாது. அதற்கு மேல் படிப்பதில்லை என்று மூடிவிட்டேன். அட்டவணைப்படி சிவப்புக்குப் பலம் குறைவு. பலம் குறைவென்றால் வேகம் குறைவு, வேகம் குறைவென்றால் எலும்பு மிச்சம் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டு, சிவப்புத்தான் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜாம் வாயில் படுமுன்பே ரிப்பனைக் குத்திவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம், பனி கரைந்த முதல் சனிக்கிழமை. நீல வண்டி பக்கத்துப் பண்ணை விர்ஜில் டோலருடையது, விற்பதற்கு வைத்திருந்தார். சிவப்பு, முதுகுவலியால் பந்தயத்தை விட்ட ஒருவரிடமிருந்து வந்தது. ஒரே தடத்தில் தெக்லா முதலில் சிவப்பையும் பிறகு நீலத்தையும் ஓட்டுவது, நான் நேரம் பார்ப்பது என்று ஏற்பாடு. களஞ்சியத்தில் புறப்பட்டு, ஓடையைத் தாண்டி, இரண்டு பீச் மரங்களுக்கு இடையே புகுந்து, வலப்பக்கம் மேடேறித் திரும்ப வேண்டும். தெக்லாவின் பந்தயக் கிளப்பில் கொடுத்த ஆரஞ்சு அம்புக்குறிகளை மரங்களில் நானே அறைந்தேன். பந்தயத் தடங்களில் அவை கோணல்மாணலாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். என்னால் அது முடியாது. எமிலின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து ஒவ்வொன்றையும் நேராக அறைந்தேன்.

சிவப்பு போய்விட்டு வந்தது. கார்லண்ட் பெப்பரோனி ரொட்டியைத் தின்றுகொண்டே நீலத்துக்குப் பெட்ரோல் ஊற்ற, தெக்லா கண்ணாடியைத் துடைக்க, நான் கோழிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஏப்ரனுக்குள் சுத்தியலோடு இறங்கிப் போனேன். பீச் மரங்களைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். வலது மேட்டுக்கு. இடது, எங்கள் பசு ஒன்று ஒருமுறை இறங்கி, வெளியே வர மனமில்லாமல் நின்றுவிட்ட ஊற்றுச் சேற்றுக்கு. வலது மரத்து அம்பைப் பிடுங்கி, இடப்பக்கம் காட்டும்படி இடது மரத்தில் அறைந்தேன். சக்கரம் கொஞ்சம் சிக்கும், ஒன்றிரண்டு நிமிடம் போகும், அவ்வளவுதான் என் எண்ணம். அந்த நேரத்திலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாவத்தையும் எனக்குக் கோணலாகச் செய்ய வரவில்லை.

நீலம் கிளம்பியது. சத்தம் சரிவில் இறங்கியது, ஓடையைத் தாண்டியது, பெரிதாயிற்று, பிறகு பானைக்குள் இருந்து கேட்பதுபோல ஆகி, நின்றது. நின்றது என்றால் அடியோடு நின்றது. “கடிகாரத்த நிறுத்தாதீங்க அத்தை, வருவா,” என்றான் கார்லண்ட். நான் நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பெற்ற பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி நானே கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். ஜெபமாலை பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

அப்புறம் மேட்டில் ஒரு உருவம் நடந்து வந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு, ஒரு காலில் பூட்ஸ் இல்லை. “அம்மா, நேரம் எவ்ளோ?” என்றது. தெக்லாதான் என்று குரலில் தெரிந்தது.

அதன்பின் நடந்ததை எழுதவே கூசுகிறது. வண்டியை இழுக்க ஓடிய கார்லண்ட் அம்பைப் பார்த்துப் போய் இடுப்பளவு இறங்கினான். தன் வண்டி முழுகிவிட்டது என்று கேள்விப்பட்டு விர்ஜில் டோலர் டிராக்டரோடு வந்தார். மேட்டில் நின்று நான் கத்தினேன்.

“விர்ஜில், அந்தப் பக்கம் போகாதீங்க.”

“அம்பு இந்தப் பக்கம்தான் காட்டுது ஹூடாக் அம்மா.”

“அம்பு தப்பா இருக்கலாம்.”

“நீங்க அடிச்ச அம்பு தப்பா இருக்குமா? நல்லா இருக்கே கதை,” என்று சிரித்துக்கொண்டே போனார். டிராக்டரின் முன்சக்கரங்கள் போயின. பின்சக்கரங்களும் போயின. கடைசியில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் வண்டி வந்து, மேட்டிலேயே நின்று, கம்பி விட்டு ஒவ்வொன்றாக இழுத்தது. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது சேறு ஏப்பம் விட்டது.

எல்லாரும் என் சமையலறை வாசலில் நின்றபோது கார்லண்ட் கேட்டான். “தெக்லா, சிவப்பும் இதே சேத்துலயா போச்சு?”

என் உயிர் போய்விட்டது. தெக்லா கண்ணைத் துடைத்தாள், என்னைப் பார்த்தாள், “இதே சேத்துலதான். வாத்து மாதிரி மிதந்து போச்சு,” என்றாள்.

விழுந்ததில் தலை கலங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். “எனக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றாள். உண்மையைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். “எல்லாரும் காபி சாப்பிடுங்க,” என்று வந்தது. கார்லண்ட் தன் நீலத் தொப்பியைக் கழற்றினான். “தோத்துட்டேன் அத்தை. பந்தயம்னா சேறு இருக்கும். அதையும் யோசிச்சு வழி போட்டீங்க பாருங்க, வேற யாருக்கும் இந்த நியாயம் வராது,” என்றான். தலை கலங்கிய மகளின் பொய்யில் ஏறி நின்று மாப்பிள்ளையின் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

சிவப்பை வாங்கினார்கள். இனி மெதுவாக, பின்னாலேயே, முழு எலும்போடு வருவாள் என்று நிம்மதியாக இருந்தேன். ஏப்ரலில் இரண்டாவதாக வந்தாள். அடுத்ததில் முதலாவதாக. இப்போது பெண்கள் பிரிவில் அவளுக்கு முன்னால் யாருமில்லை. என்ன இது என்று தங்கள் பழைய கட்டுரையை எடுத்து, முதுகெலும்பு பாடினாலும் பாடட்டும் என்று முழுவதும் படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது: வெட்டவெளியில் நீலத்தைப் பிடிக்க முடியாது, ஆனால் மரங்களுக்குள் அதன் பலமே ஓட்டுகிறவரின் கையைக் களைக்க வைக்கும், குறுகலான, சாதுவான சிவப்புத்தான் முதலில் வீடு திரும்பும். மெதுவான வண்டியென்று தந்திரம் செய்து, வேகமான வண்டியில் என் பெண்ணை நானே ஏற்றிவிட்டிருக்கிறேன்.

அதோடு விட்டதா? ஊரில் எந்த வழக்கானாலும் என்னிடம் வருகிறார்கள். விர்ஜில் இரண்டு வேட்டை நாய்களைக் கொண்டுவந்து எது நல்லது என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஆழ்ந்த ஆராய்ச்சி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஃபாதர் டொமினிக் ஞாயிறு பிரசங்கத்தில் என் நேர்மையை எடுத்துச் சொன்னார். நான் முதல் வரிசை. மறுவாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிக்குப் பின்னாலிருந்து ஃபாதர் கேட்டார்.

“எந்த வண்டி ஜெயிக்கணும்னு செஞ்சீங்க?”

“சிவப்பு, ஃபாதர்.”

“காட்டுக்குள்ள அது எப்படியும் ஜெயிச்சிருக்குமேம்மா.”

“அது எனக்குத் தெரியாதே ஃபாதர்.”

“ஆமா. அதுதான் பாவம்,” என்றார். பத்திரிகை ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு இட்ட பரிகாரம்.

ஆகவே இந்தக் கடிதத்தை, கட்டுரைக்குப் பதிலாக, என் முழுப் பெயரோடு அச்சிட வேண்டுகிறேன். கண்காட்சிக் குழுவுக்கு என் நடுவர் பட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். தங்கையின் ஜாமை இனி யாராவது இறுகாத மனசுக்காரர் ருசி பார்க்கட்டும்.

தங்கள் பத்திரிகை செழிக்கவும், தங்கள் பாதைகள் ஈரமில்லாமல் இருக்கவும், தங்கள் வயிறு சொன்னபடி கேட்கவும் இறைவனை மன்றாடுகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம்.

மிகுந்த வெட்கத்துடன்,
அகாதா ஹூடாக்

பின்குறிப்பு: புதன்கிழமை. வண்டி விவரங்களில் பிழை இருக்கக் கூடாதே என்று உறையை ஒட்டுமுன் இதைத் தெக்லாவிடம் காட்டினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழியும் அதுதான். நின்றுகொண்டு படித்தாள். பாதியில் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

“அம்மா, அந்தச் சேத்துல நான் ஆறு வயசுலேர்ந்து விழுந்து எந்திரிச்சவ. அம்பு மாறியிருக்குன்னு பார்த்ததுமே தெரியும். ரசமட்டம் வெச்சு அடிச்சிருந்துது. உன்னத் தவிர வேற யாரு?”

“தெரிஞ்சுமா போனே?”

“எனக்குச் சிவப்புதான் வேணும். கார்லண்ட் காலத்துக்கும் ஒத்துக்க மாட்டான். நீயா ஒரு வழி காட்டினே. கட்டைவிரலால ஆக்ஸிலரேட்டர முழுசா அமுக்கிட்டு இறங்கிட்டேன். பூட்ஸ் போகும்னுதான் எதிர்பார்க்கல.”

அவள் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் என் மகள், அவ்வளவுதான். அவளைக் கண்டித்திருக்க வேண்டும். நான் செய்தது ஒரு பெரிய துண்டு ருபார்ப் பை வெட்டிக் கொடுத்ததுதான், அதற்கும் வெட்கப்படுகிறேன்.

ஆனால் கார்லண்ட் இருக்கிறான். அவன் தங்கள் பத்திரிகையை அட்டையிலிருந்து விளம்பரம்வரை படிப்பவன். சிவப்புத் தொப்பி வாங்கிவிட்டான். அந்த அம்புக்குறியைச் சேற்றோடு கொண்டுபோய் ‘நியாயம்’ என்று எழுதித் தன் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறான். இனிமேல் அவனிடம் போய்ச் சொல்ல என்னால் முடியாது. தெக்லா முடியவே முடியாது என்கிறாள். தங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் ஃபாதர் சொன்னார். சொல்லிவிட்டேன். அச்சிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, தங்கள் கட்டுரையையே வெளியிடுங்கள். புகைப்படத்தில் என் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, வேறு படம் போடவும். ஒரு பொய்யை அச்சிடும்படி நான் யாரையும் கேட்பது இதுதான் முதல் முறை. திருத்தங்களை வைத்திருக்கிறேன், அதைப் பிழையில்லாமல் அச்சிடுங்கள்.

அ. ஹூ.