முத்திரை ஆய்வாளரின் பதினான்கு அதிசயங்கள்

அந்த முத்திரை ஆய்வாளர் இருபத்திரண்டு வருஷ இல்லறத்தில் மனைவியிடம் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தார். ஆனால் அதை மாதம் தவறாமல் சொல்லிவந்தார்.

கடைகளில் உள்ள தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் அந்த வருஷத்து முத்திரையை அடித்துக் கொடுப்பார். மாதத்தில் பத்து நாள் ஊர் ஊராகப் போகவேண்டும். கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெல்வெட் குழிகளில் பித்தளை எடைகள், தரை சமமா என்று குமிழி நகர்ந்து காட்டும் ஒரு ரசமட்டம், ஒரு சுத்தியல். பத்தாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

"ஊரா அதெல்லாம்? ஒரே புழுதி, ஒரே ஈ. படுத்தா முதுகு வலி, எழுந்தா இடுப்பு வலி. மனுஷன் போற இடமே இல்ல."

மனைவி உருகிப்போவாள். அடுத்த மூன்று நாள் அவர் ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டாம். கடைக்கு அவளே போவாள். மச்சான் வீட்டிலிருந்து ஏதாவது வேலை வந்தால், "அவர் அலைஞ்சு திரிஞ்சு வந்திருக்கார், விட்டுடுங்க" என்று அவளே தட்டிக் கழிப்பாள்.

உண்மை வேறு. அந்தப் புழுதி ஊர்களில் அவர் பதினான்கு அதிசயங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. வேலை முடிந்த பிறகு கால் போன போக்கில் நடந்து, தானாகவே கண்டுபிடித்தவை. யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்தால் பேச்சு கிளம்பும், பேச்சுக்கு வீடு வரைக்கும் வழி தெரியும். ஒவ்வொரு மாதமும் அவற்றைப் போய்ப் பார்ப்பார், ஒளித்து வைத்த மிட்டாய் டப்பாவைத் திறந்து பார்க்கும் பிள்ளை மாதிரி.

அந்தப் பொய்க்கு ஆபத்து அந்தப் பொய்யாலேயே வந்தது. ஒருநாள் அவர் திரும்பி வந்தபோது மனைவி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"என்னது இது?"

"விண்ணப்பம். உங்க ஆபீஸ்லயே ஒரு நாற்காலி வேலை காலியா இருக்காம். பெரிய அதிகாரி வீட்டம்மா சொன்னாங்க. நானே எழுதிட்டேன், கையெழுத்து மட்டும் போடுங்க. இனிமே நீங்க எங்கேயும் அலைய வேண்டாம்."

ஒரு கிலோ எடைக்கல்லை விழுங்கியவர் போல அவர் நின்றார்.

"அது வந்து... கடமைன்னு ஒண்ணு இருக்கே."

"ஈ ஓட்டுறதா கடமை?"

"பழகிப்போச்சும்மா."

"போன மாசம் வரைக்கும் பழகாதது இப்ப எப்படிப் பழகுச்சு?"

மனைவியே வழியும் சொன்னாள்.

"ஒண்ணு பண்ணலாம். இந்தத் தடவை நானும் கூட வர்றேன். பரவாயில்லைன்னு எனக்குத் தோணுச்சுன்னா இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சுன்னா அங்கேயே கையெழுத்து."

அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் காட்டாவிட்டால் பயணம் போய்விடும். எல்லாவற்றையும் காட்டினால் குட்டு உடையும். அதன் பிறகு மாதாமாதம் இவளும் கிளம்புவாள், இவளோடு இவள் தம்பியும் கிளம்புவான். ஆகவே கிள்ளிக் கொடுத்துவிட்டு மற்றதை அள்ளி மறைப்பது என்று முடிவுக்கு வந்தார். பதினான்கில் ஒன்றே ஒன்று. அதுவும் இருப்பதிலேயே சின்னது.

அது ஒரு பாலம். முதல் ஊரின் எல்லையில், பூசணித் தோட்டத்தின் நடுவே, ஏழு வளைவுகளோடு நின்றது. அடியில் ஆறு இல்லை. என்றோ ஒரு வெள்ளத்தில் ஆறு மனம் மாறி ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது. பாலத்துக்குச் செய்தி சொல்லவில்லை. ஊருக்குள் போகிறவர்கள் இன்றைக்கும் பாலத்தில் ஏறி, நடந்து, இறங்கித்தான் போனார்கள்.

"கீழேயே நடந்து போகலாமே. எதுக்கு ஏறி இறங்கறாங்க?"

"அதுதான் அதிசயம். ஏன்னு அவங்களுக்கே தெரியாது போல. கால் தானா ஏறுது."

அவர்களுடைய கால்களும் ஏறின. நடுப்பாலத்தில் நின்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே பூசணிக் கொடி. ஆனாலும் அடியிலிருந்து குளிர்ந்த காற்று எழுந்து முகத்தில் பட்டது. ஆறு போகும்போது தன் காற்றை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் அவருக்குத் தோன்றும்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

"பூசணி நல்லாக் காய்ச்சிருக்கு" என்றாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "போடுங்க."

"இரு, இரு. இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு."

இரண்டாவது, அடுத்த ஊருக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் மரங்கள், எதிரே நன்றாகத் தெரியும் ஏற்றம். அவர் பெட்டியைத் திறந்து, உருளை வடிவப் பித்தளை எடை ஒன்றைச் சாலையில் படுக்க வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மேட்டை நோக்கி உருண்டது. மெல்ல, தன் பாட்டுக்கு, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி ஏறிக்கொண்டே போனது.

மனைவி ஓரடி பின்வாங்கினாள். அவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினார். குமிழி எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"உண்மையில அது பள்ளம். சுத்தி இருக்கிற மரமெல்லாம் சாய்ஞ்சு நிக்குது, அதனால கண்ணுக்கு மேடாத் தெரியுது."

"உண்மை தெரிஞ்ச பிறகும் மேடாத்தானே தெரியுது?"

"அதேதான். இருநூறு தடவை பாத்துட்டேன், இன்னும்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

மனைவி எடைக்கல்லை ஓடிப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"ஒரு கல்லு உருளுறதைப் பாக்க ஒரு மனுஷன் முதுகை ஒடிச்சுக்கணுமா?" பேனாவின் மூடி கழன்றது.

மூன்றாவதைக் காட்டுவதில்லை என்று அவர் சத்தியமே செய்திருந்தார். ஆனால் பேனா முனை கண்ணுக்கு முன்னால் மின்னியது. மூன்றாவது ஊரின் சந்தைத் தெருவில் ஒரு காலித் தானியக் கிடங்கு. பிற்பகல் மூன்று மணிக்கு அவளை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணுமே தெரியலைங்க."

"கண்ணு பழகட்டும்."

கதவுப் பலகையில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. எதிரே வெள்ளையடித்த சுவர். இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக இளக, அந்தச் சுவரில் நிறங்கள் ஊறி வந்தன. வெளியே இருந்த சந்தைத் தெரு முழுவதும் அங்கே தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. ஒளி நேர்க்கோட்டில்தான் போகும். மேலிருந்து வருவது ஓட்டை வழியாகக் கீழே போய் விழும், கீழிருந்து வருவது மேலே போய் விழும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சங்கதி தெரிந்தவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

சிவப்புக் குடை ஒன்று தலைகீழாக மிதந்து போனது. கூடைக்காரி ஒருத்தி தலைகீழாக நடந்தாள், கூடையிலிருந்து ஒரு காய்கூடச் சிந்தவில்லை. சைக்கிள் சக்கரங்கள் விட்டத்தின் அருகே சுழன்றன. வானம் அடியில் கிடந்தது. ஒரு மேகம் சுவரின் கீழ்விளிம்பைத் தாண்டி, மனைவியின் பாதத்தின் மேல் ஏறி, அப்பால் போயிற்று.

காலை நகர்த்தினால் மேகம் கலைந்துவிடும் என்பது போல அசையாமல் நின்றாள். அவர் இந்தச் சுவரை இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். இன்னொருவர் இதைப் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறார். எது பெரிய அதிசயம் என்று ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம் வந்தது.

"இதை யாருங்க வரைஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் இல்ல. ஓர் ஆணி விழுந்த இடம்."

வெளியே வந்ததும் அவள் விண்ணப்பத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"இதை விட்டுட்டு நாற்காலியில உக்காரச் சொல்ல எனக்கு மனசு வரல. இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்லவே இல்ல. மொத்தமே மூணுதான். மத்தபடி புழுதியும் ஈயும்தான்."

"பாவம் நீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் மதியம் வரை அவர் சந்தையில் முத்திரை அடித்தார். அவள் கடைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியை மூடியதும் எழுந்தாள்.

"ரெண்டு தெரு தள்ளிப் பழைய தண்ணித்தொட்டி ஒண்ணு இருக்காம். பாத்துட்டுப் போயிடலாம்."

மூடியைக் கழற்றிய பெரிய முரசு போல, தரைக்குள் இறங்கிய வட்டத் தொட்டி அது. தண்ணீர் இல்லை. வழவழவென்று இரண்டாள் உயரச் சுவர். குறுக்கே நடந்தால் நூறு அடி வைக்கலாம். படியில் இறங்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது.

"காலித் தொட்டி. இதுல என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க வெயில் படாம இப்படிச் சுவரோரமா நில்லுங்க. நான் அந்தப் பக்கம் வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

அவள் போனாள். போய்ப் போய் எதிர்ச்சுவரின் அருகே கட்டைவிரல் அளவு ஆனாள்.

தனியாக ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் தமக்குத் தாமே பேசிக்கொள்வார்கள். அவர் குளிர்ந்த சுவரில் தோளைச் சாய்த்து, உதடு அசைவது தெரியாமல் முணுமுணுத்தார்.

"தப்பிச்சோம்டா சாமி. மூணோட போச்சு. இன்னும் பதினொண்ணு பத்திரமா இருக்கு. அடுத்த மாசம் ரோடு சரியில்லைன்னு சொல்லிட்டுத் தனியா வந்துடணும். வந்ததும் முதுகு வலின்னு படுத்துடணும். இவ என்னடான்னா காலித் தொட்டியைக் காட்டக் கூட்டிட்டு வந்திருக்கா."

"என்னங்க" என்றது சுவர்.

அவர் துள்ளிக் குதித்தார். காதுக்குப் பக்கத்தில், மூச்சுக்காற்றே படும் போல அவ்வளவு பக்கத்தில், மனைவியின் குரல். திரும்பினார், யாரும் இல்லை. நூறு அடிக்கு அப்பால் அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. வளைந்த சுவர் அவளுடைய முணுமுணுப்பை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தன் மேலேயே வழுக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம். சந்தையிலிருந்து இரண்டே தெரு. ஒருவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம் வரவில்லை, வாய் மட்டும் மூட மறுத்தது. இன்னொரு முறை பேசாதா என்று காதைச் சுவரோடு ஒட்டினார்.

"சந்தையில அந்தக் கடைக்காரம்மா சொன்னப்ப நான்கூட நம்பல" என்றது சுவர், வெகு அன்பாக. "அந்தப் பதினொண்ணையும் ஊர் வாரியா எழுதி வைங்க, அடுத்த மாசத்துலேருந்து ஒவ்வொண்ணா சேர்ந்தே பாத்துடலாம். அப்புறம், அவ்வளவு சத்தமாப் பேச வேண்டாங்க. இன்னும் மெதுவாப் பேசினாலும் இங்க நல்லாவே கேக்குது."